ரோன் நதியோரம் ஒரு வெயில் வாரம்: அணு உலைகளின் தண்ணீர்க் கணக்கு

ஆகஸ்ட் 9, 2025, சனி – லியோன்

மாலை ஏழரை மணிக்கும் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகையில் 36 டிகிரி ஓடுகிறது. சுவரோடு சேர்ந்து சூடேறிய பலகை, ஒன்றிரண்டு டிகிரியைக் கழித்துக்கொள்ளலாம். ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளியும் என்பதால் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள். ஏசி நின்றுபோன பெட்டியில் இருந்தவர்களை வேறு பெட்டிக்கு மாற்றி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. இடம் கிடைக்காதவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும் முறை வைத்து மாறிக்கொண்டார்கள்.

இரவு உணவு கெனல்: பைக் என்ற ஆற்று மீனின் சதையை மாவோடும் முட்டையோடும் சேர்த்து உருட்டி, நண்டுச் சாறு போன்ற குழம்பில் சுட்டுத் தருகிறார்கள். 18 யூரோ. 2025 ஆகஸ்டில் ஒரு யூரோ நம் காசுக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல். குழாய்த் தண்ணீரை ஜாடியில் கேட்டால் காசில்லை, முகம் சுளிப்பதும் இல்லை.

ஜெனீவா ஏரியிலிருந்து மத்திய தரைக்கடல் வரை ஓடும் ரோன் நதியின் பிரெஞ்சுக் கரையில் நான்கு இடங்களில் மொத்தம் 14 அணு உலைகள் ஓடுகின்றன: பூஜேயில் 4, சேன்-அல்பானில் 2, க்ருவாஸில் 4, ட்ரிகாஸ்தானில் 4. கோடை முற்றும்போது இவற்றில் சிலவற்றின் உற்பத்தியைக் குறைக்கும் செய்தி வரும். 'ஆற்று நீர் சூடாகிவிட்டது, உலைக்கு ஆபத்து' என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. விஷயம் அதுவல்ல. உலைக்கு வரும் தண்ணீர் 27 டிகிரி இருந்தாலும் உலை பத்திரமாகவே ஓடும். நிறுத்தச் சொல்வது ஆற்றையும் மீனையும் காக்கும் சட்டம். இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் மற்ற மின் நிலையங்களோடு ஒப்பிடும் கணக்கு எதுவும் சரியாக வராது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – பூஜே

லியோனுக்குக் கிழக்கே சுமார் 35 கி.மீ. ஞாயிறு என்பதால் கிராமத்து ரொட்டிக்கடை பன்னிரண்டரைக்கே கதவை மூடிவிட்டது. பசியோடு நிற்பவர்களைப் பார்த்த ஒரு மூதாட்டி தன் வீட்டு வாசல் குழாயைக் காட்டி, பாட்டில்களை நிரப்பிக்கொள்ளச் சொல்லி, பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம் என்றும் சொன்னார். அங்கே கிடைத்தது ஹாம் வைத்த ரொட்டி மட்டும்தான், 5.90 யூரோ. இந்த ஊர்களில் எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் கேள்வியைத் தொடங்கினால் பதிலில் பாதி குறைந்துவிடும்.

பூஜேயில் பார்க்க வேண்டியது, ஒரே வளாகத்தில் இருவகைக் குளிர்விப்பும் அருகருகே இருப்பது. 2, 3 எண் உலைகள் ஆற்று நீரை நேரடியாக எடுத்து, ஒருமுறை ஓடவிட்டு, அப்படியே ஆற்றில் விடுகின்றன. 4, 5 எண் உலைகளுக்குக் கூலிங் டவர் உண்டு, அதாவது சுற்றும் நீரில் ஒரு பகுதியை ஆவியாக்கி மீதியைக் குளிர வைக்கும் கோபுரம்.

அடிப்படைக் கணக்கு இதுதான். இந்த வகை உலையில் எரிபொருளைச் சுற்றி ஓடும் முதல் சுற்று நீர் கொதிக்காமல் இருக்க 155 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து டர்பைனுக்குக் கிடைக்கும் நீராவி சுமார் 280 டிகிரிதான். நவீன நிலக்கரி நிலையத்தில் அது 540 முதல் 600 டிகிரி. ஆவி எவ்வளவு சூடோ, அவ்வளவு பங்கு மின்சாரமாகும். அதனால் அணு உலையில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் மின்சாரமாகிறது, மீதி இரண்டு பங்கை எங்காவது கொட்டியாக வேண்டும். 1,000 மெகாவாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 2,000 மெகாவாட் வெப்பம் தண்ணீருக்குப் போகிறது. அதே 1,000 மெகாவாட் தரும் நிலக்கரி நிலையத்தில் தண்ணீருக்குப் போவது சுமார் 1,200, ஏனென்றால் வெப்பத்தில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். எரிவாயுவும் நீராவியும் சேர்ந்த கூட்டு நிலையத்தில் சுமார் 400தான். அணு உலைக்குப் புகைபோக்கி கிடையாது. ஒரு சொட்டு வெப்பமும் அந்த வழியில் போகாது.

டர்பைனிலிருந்து வெளிவரும் ஆவி கண்டன்சருக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களின் வெளிப்புறத்தில் பட்டுத் தண்ணீராகிறது. குழாய்க்குள் ஆற்று நீர். ஆவி இருக்கும் பக்கம் ஏறக்குறைய வெற்றிடம், அழுத்தம் வளிமண்டலத்தில் இருபதில் ஒரு பங்கு. வரும் நீர் சூடாக இருந்தால் அந்த வெற்றிடம் கெட்டுப்போய், டர்பைனின் இழுவை குறைந்து, மெகாவாட் இறங்கும். இது எல்லா நீராவி நிலையங்களுக்கும் பொது. ஆவியின் வெப்பநிலை ஏற்கெனவே குறைவாக இருக்கும் அணு நிலையத்தில் இதன் அடி கொஞ்சம் பலமாக விழும்.

நேரடிக் குளிர்விப்பில் 900 மெகாவாட் உலை ஒன்று வினாடிக்கு 40 கன மீட்டருக்கு மேல் நீரை எடுக்கும். கிட்டத்தட்ட முழுவதையும் சுமார் 10 டிகிரி கூட்டித் திருப்பித் தரும். டவர் உள்ள உலை வினாடிக்கு 2 கன மீட்டர் அளவே எடுக்கும். ஆனால் அதில் 0.6 கன மீட்டர் போல ஆவியாகிப் போய்விடும். ஒரு நாளைக்கு 5 கோடி லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நாலாயிரம் நடைக்கு மேல். ஆற்றைச் சூடாக்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை ஆற்று நீரையே இழப்பது. இதில் எது மேல் என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. நீரோட்டம் அதிகமுள்ள ஆற்றில் நேரடி முறை, மெலிந்த ஆற்றில் டவர்.

நண்பகலில் 38 டிகிரி. டவருக்கு மேலே ஆவி கண்ணுக்குத் தெரியவே இல்லை. காற்று அவ்வளவு உலர்ந்திருப்பதால் வெளிவந்த உடனே கரைந்துவிடுகிறது. டவரின் வேலையைத் தீர்மானிப்பது வெயில் அல்ல, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. இங்கே 39 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் என்றால் அது 24 டிகிரிக்குள். சென்னையில் 38 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் என்றால் அது 30. நம் கடலோரத்தில் இதே டவரைக் கட்டினால் இந்த அளவு குளிர்ச்சி வராது.

டவருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. உள்ளே சுற்றும் வெதுவெதுப்பான நீரில் நெக்ளேரியா என்ற அமீபாவும் லெஜியோனெல்லா பாக்டீரியாவும் வளரும். முன்பு கண்டன்சர் குழாய்கள் பித்தளை. அதிலிருந்து கசியும் தாமிரம் ஆற்றுக்குக் கெடுதல் என்றாலும் அமீபாவை அடக்கி வைத்திருந்தது. பித்தளையை எடுத்துத் துருப்பிடிக்காத எஃகு போட்டதும் அமீபா பெருகியது. இப்போது மோனோகுளோரமின் கலந்து அடக்குகிறார்கள். அந்த மருந்தின் மிச்சம் ஆற்றில் எவ்வளவு சேரலாம் என்பதற்குத் தனி வரம்பு.

ஆகஸ்ட் 11, திங்கள் – சேன்-அல்பான்

காலையில் காபிக்கடையில் எல்லோர் பேச்சும் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் கிராவ்லீன் அணு நிலையம் பற்றித்தான். ஞாயிறு நள்ளிரவுக்குச் சற்று முன் 2, 3, 4 எண் உலைகளும், திங்கள் விடியலில் 6-ஆம் எண் உலையும் தாமாகவே நின்றுவிட்டன. 1-உம் 5-உம் ஏற்கெனவே பராமரிப்பில். கடல்நீர் எடுக்கும் பம்ப் நிலையத்தின் சுழல் சல்லடைகளில் ஜெல்லிமீன்கள் மொத்தமாக வந்து அடைத்துக்கொண்டன. ஆறு உலைகள், 5,400 மெகாவாட் திறன் கொண்ட நிலையம், அந்த இரவோடு உற்பத்தி பூஜ்ஜியம். உடம்பே தண்ணீர் என்பதால் ஜெல்லிமீனை முன்சல்லடைகள் தடுப்பதில்லை, கூழாகி உள்ளே வந்து நுண்சல்லடையில் படிகிறது. கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கடலடிச் சுரங்கம் வழியாக நீர் எடுக்கும் அங்கேயும் ஜெல்லிமீன் வரத்தும் சுரங்கச் சுவரில் ஒட்டும் மட்டிகளும் பழைய தலைவலி. கடலோரம் வைத்தால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சல்லடைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேன்-அல்பான் லியோனுக்குத் தெற்கே 50 கி.மீ. இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் 1,335 மெகாவாட். டவர் கிடையாது, எல்லா வெப்பமும் நேரே ஆற்றுக்கு. இரண்டும் முழுவேகத்தில் ஓடினால் சுமார் 4,960 மெகாவாட் வெப்பம். ரோனில் வினாடிக்கு 1,000 கன மீட்டர் ஓடும்போது, நன்றாகக் கலந்தபின் ஆறு 1.2 டிகிரி சூடேறும். அதுவே 400 கன மீட்டராக இறங்கினால் 3 டிகிரி. கீழே ஆற்றில் உச்சவரம்பு 28 டிகிரி. மேலிருந்து வரும் நீரே 26 டிகிரி என்றால் என்ன ஆகும் என்று யாரும் போட்டுப் பார்க்கலாம். வெயிலும் வறட்சியும் சேர்ந்தே வருவதால் இரண்டு எண்களும் ஒரே சமயத்தில் தப்பான பக்கம் நகரும்.

இதே இரண்டு உலைகளைத் தென்மேற்குப் பிரான்சின் கரோன் நதியில், கோடையில் 60 கன மீட்டர் ஓடும் இடத்தில், டவர் இல்லாமல் வைத்தால் ஆறு 20 டிகிரி ஏறும். அதனால்தான் அங்கே கோல்ஃபெஷ் அணு நிலையத்தில் 178 மீட்டர் உயர டவர்கள். அப்படியும் இந்த ஜூன் கடைசியில் கரோன் 28 டிகிரியைத் தொடப் போகிறது என்று அங்கே ஒரு உலையை நிறுத்தினார்கள். டவரிலிருந்து ஆற்றுக்கு வரும் கழிவு நீர் கொஞ்சம்தான், ஆனால் ஆறே வரம்பில் நிற்கும்போது அந்தக் கொஞ்சத்துக்கும் அனுமதி கிடையாது. அதற்கு இரண்டு நாளில் சுவிட்சர்லாந்தின் பெஸ்னா அணு நிலையத்திலும் நிறுத்தினார்கள். அங்கே ஆரே நதிக்கு வரம்பு 25 டிகிரி.

நம் நாட்டு விதி வேறு மாதிரி. கடல்நீரில் குளிரும் அனல்மின் நிலையம் வெளிவிடும் நீரால், அது சேரும் கடல் தன் இயல்பான அளவைவிட 7 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது. வித்தியாசத்துக்குத்தான் வரம்பு. கடலே 31 டிகிரி ஆகிவிட்டால் நிறுத்து என்று அது சொல்லாது. இங்கே வித்தியாசத்துக்கும் வரம்பு, மொத்தத்துக்கும் வரம்பு.

நிலையத்துக்குத் தெற்கே பிளாத்தியேர் தீவு இயற்கைக் காப்பகம். மரநிழலில் தூண்டில் போட்டிருந்த இருவர், என்ன பார்க்கிறீர்கள் என்று விசாரித்து, கொண்டுவந்த ஆப்ரிகாட்டில் நான்கைக் கையில் வைத்தார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய் – வலான்ஸ்

39 டிகிரி. பகல் முழுதும் ஜன்னல் மரக்கதவுகள் சாத்திய ஊர். விடுதியில் மின்விசிறி கேட்டதற்கு 'ஒன்றுதான் மிச்சம், எட்டாவது மாடியில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது' என்றார்கள். குழந்தைக்கே போகட்டும். சாப்பாடு ராவியோல்: விரல் நகம் அளவு மாவுப் பொதிக்குள் பாலாடைக்கட்டியும் பார்ஸ்லியும், ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 14 யூரோ.

ஊருக்குச் சற்று வடக்கே ஈசேர் நதி ரோனோடு சேர்கிறது. ஆல்ப்ஸ் பனி உருகிய நீர், சாம்பல் நிறத்தில், கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது. வரைபடத்தில் சாதாரணமாகத் தெரியும் இந்தச் சங்கமம் உலைகளுக்குப் பெரிய விஷயம். ரோன் ஜெனீவா ஏரியின் மேல்மட்ட நீரோடு புறப்படுகிறது, கோடையில் அது வெதுவெதுப்பானது. பூஜேக்குக் கிடைப்பது இந்த நீர். லியோனில் மெதுவாக நகரும் சோன் நதி சேர்ந்து இன்னும் சூட்டைக் கூட்டுகிறது, சேன்-அல்பானுக்குக் கிடைப்பது அது. ஈசேர் சேர்ந்த பிறகு கீழே இருக்கும் க்ருவாஸும் ட்ரிகாஸ்தானும் கொஞ்சம் தப்பிக்கின்றன. அந்தப் பனி குறையக் குறைய இந்தச் சலுகையும் குறையும்.

ஆகஸ்ட் 13, புதன் – க்ருவாஸ்

மோந்தெலிமாரில் நூகா மிட்டாய் வாங்காமல் யாரும் தப்ப முடியாது. 200 கிராம் 9 யூரோ, பையில் வைத்த அரைமணியில் உருகி ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து ஆற்றோரச் சைக்கிள் பாதை. வாடகைச் சைக்கிளின் பின்சக்கரம் ரோஷ்மோர் தொங்குபாலத்துக்குப் பக்கத்தில் காற்றிறங்கியது. வழியில் வந்த ஒரு குடும்பம் கேட்காமலே பம்பை எடுத்துக் கொடுத்து, டியூபை மாற்றும் வரை நின்றுவிட்டுப் போனது.

155 மீட்டர் உயர டவர்கள் நான்கு. ஒன்றின் மேல் சங்கிலிருந்து தண்ணீர் ஊற்றும் குழந்தையின் ஓவியம், 1991-இல் ழான்-மரி பியரே வரைந்தது. கீழே நின்று பார்த்தால் கன்னத்தின் ஒரு தீற்றல் மட்டும் தெரியும், முழு உருவம் எதிர்க்கரையிலிருந்துதான்.

இங்கே பேச வேண்டியது மின்சாரத்துக்கான குளிர்விப்பு அல்ல, பாதுகாப்புக்கானது. 2009 டிசம்பர் 1 இரவு, ஆற்றில் அடித்து வந்த நீர்க்களை மொத்தமாக வந்து 4-ஆம் உலையின் நீரெடுப்பை அடைத்தது. சுமார் பத்து மணி நேரம் அந்த உலைக்கு ஆற்று நீர் இல்லை. வளாகத்தில் இருந்த பெரிய தொட்டி நீரை வெப்பத்தைத் தாங்க வைத்துச் சமாளித்தார்கள். அணு நிலையச் சம்பவங்களைத் தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோலில் நிலை 2 என்று பதிவானது.

நிலக்கரி நிலையத்தில் பம்ப் நின்றால் கொதிகலனுக்கு எரிபொருளை நிறுத்தலாம், கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஆறிவிடும். எரிவாயுவும் அப்படியே. அணு உலையில் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கி வினையை நிறுத்திய பிறகும், உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். 2,785 மெகாவாட் வெப்ப உலையில் நிறுத்திய கணத்தில் ஏறக்குறைய 6.5 சதவீதம், அதாவது 180 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்து 40 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 14 மெகாவாட். ஃபுகுஷிமாவில் 2011-இல் உலைகள் நிலநடுக்கத்தின்போது ஒழுங்காகவே நின்றன. சுனாமி வெள்ளத்தில் போனது இந்த மிச்ச வெப்பத்தை எடுக்கும் வசதி. இதற்குத் தேவைப்படும் நீர் மின்சாரத்துக்கான நீரில் மிகச் சிறு பகுதிதான், ஆற்றில் நீர் எவ்வளவு குறைந்தாலும் அந்த அளவு இருக்கும். ஆனால் அது ஒரு மணி நேரமும் நிற்கக் கூடாது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு பிரான்சில் ஒவ்வொரு உலைக்கும் கிணறோ குளமோ தனி நீர் ஆதாரமும், தனிக் கட்டடத்தில் கூடுதல் டீசல் ஜெனரேட்டரும் அமைத்தார்கள். அணுசக்தியின் உண்மையான தனிக் கட்டுப்பாடு இதுதான் என்பேன். கோடையில் மெகாவாட் குறைவது காசு நஷ்டம். இது வேறு ஜாதி.

ஆகஸ்ட் 14, வியாழன் – ட்ரிகாஸ்தான்

சந்தையில் முலாம்பழம் ஒன்று 2.50 யூரோ. விற்பவர் காம்பை முகர்ந்து பார்த்து, இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டுத்தான் எடுத்துத் தருகிறார்.

இங்கே உலைகள் ஆற்றில் அல்ல, தோன்சேர்-மோந்த்ராகோன் கால்வாயில் நீர் எடுக்கின்றன. 28 கி.மீ. நீளக் கால்வாய், 1952 முதல் பொலேன் நீர்மின் நிலையத்துக்காக ஓடுகிறது. கால்வாயின் நீர்மட்டம் சுற்றியுள்ள சமவெளியைவிட உயரம், கரை ஒரு மண் அணை. பெரிய நிலநடுக்கத்தில் கரையின் ஒரு பகுதி உடைந்தால் அணு நிலையத்துக்குள் வெள்ளம் வரும் என்று 2017 செப்டம்பரில் அணுப் பாதுகாப்பு ஆணையம் நான்கு உலைகளையும் நிறுத்தச் சொல்லி, கரையைப் பலப்படுத்த வைத்தது. குளிர்விக்கும் நீரே மிரட்டலாகவும் ஆன இடம். கரை மேல் நடந்தால் ஒருபக்கம் கால்வாய் கணுக்கால் அருகே, மறுபக்கம் உலைக் கட்டடங்கள் காலுக்குக் கீழே.

பியர்லாத் முதலைப் பண்ணை பார்க்கத் தகுந்தது. வீணாகும் வெப்பத்தை ஏன் பயன்படுத்தக் கூடாது என்பவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. பக்கத்து யுரேனியச் செறிவூட்டல் ஆலையின் வெந்நீரில்தான் பண்ணையும், ஊரின் சில வீடுகளும், கண்ணாடித் தோட்டங்களும் சூடு பெற்றன. அந்த ஆலை 2012-இல் மூடியதும் மரச்சில்லு எரிக்கும் கொதிகலன் அந்த வேலைக்கு வந்தது. வெப்பம் தருபவர் நின்றால் வாங்குபவர் தவிப்பார். தவிர, கண்டன்சரிலிருந்து வரும் 35 டிகிரி நீரை வீடுகளுக்குப் பல கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோக முடியாது. கோடையில் அது யாருக்கும் வேண்டியதும் இல்லை.

வடக்குப் பக்கம் காற்றாலைகள் நின்றுகொண்டிருக்கின்றன, இன்று சுற்றவில்லை. மிஸ்த்ரால் என்ற வடகாற்று அடித்தால் ஆளைத் தள்ளும் பள்ளத்தாக்கு, அனல்காற்று வாரத்தில் அசையவே இல்லை. சூரியப் பலகைக்குத் தண்ணீர் வேண்டாம், ஆனால் பலகையின் மேற்பரப்பு 65 டிகிரி ஆனால் 25 டிகிரியில் தருவதைவிடச் சுமார் 15 சதவீதம் குறையும். நீர்மின் நிலையங்களுக்கு ஆறே குறைவு. வெயிலிடம் எல்லோருக்கும் ஏதோ ஒரு இழப்பு உண்டு. பலகை நண்பகலில் பதினைந்து சதவீதத்தை இழந்தும், உச்சத் தேவை நேரத்தில் மீதியைக் கொடுக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி – மார்த்தீக்

அரசு விடுமுறை. துறைமுகக் கரையில் சுட்ட மத்தி மீன் ஆறு, எலுமிச்சை, ரொட்டி: 12 யூரோ. மேசை பகிர்ந்துகொண்ட இருவர் முதலில் 'நல்ல பசி' என்று வாழ்த்திவிட்டுத்தான் தட்டில் கை வைத்தார்கள்.

ஊருக்கு வெளியே கடற்கரையில் எரிவாயு நிலையம், 465 மெகாவாட் இரண்டு அலகு, கடல்நீரில் குளிர்கிறது. தண்ணீரே இல்லாமல், காரின் ரேடியேட்டரைப் போலக் காற்றில் மட்டும் குளிர வைக்கவும் முடியும். தென்னாப்பிரிக்காவின் மதிம்பா நிலக்கரி நிலையம் ஆறு பெரிய அலகுகளோடு அப்படித்தான் ஓடுகிறது. அணுவில் ரஷ்யத் தூரக் கிழக்கின் பிலிபினோ போன்ற மிகச் சிறிய நிலையத்தில் இது உண்டு, இன்றைய பெரிய உலைகளில் இல்லை. நிலக்கரியைவிட மிக அதிக வெப்பத்தைக் காற்றில் தள்ள வேண்டும், வெயில் நாளில் அந்தக் காற்றே சூடு. அமெரிக்காவின் அரிசோனாவில் பாலோ வெர்டே அணு நிலையம் பாலைவனத்தில் நிற்பதற்குக் காரணம் ஃபீனிக்ஸ் நகரின் சுத்திகரித்த கழிவுநீர்.

2000 முதல் சூடான ஆறும் குறைந்த நீரும் பிரான்சின் அணு மின்சாரத்தில் பறித்தது ஆண்டுக்குச் சராசரி 0.3 சதவீதம். இந்த எண்ணை மட்டும் சொல்பவர் சிறிய பிரச்சினை என்பார். ஆனால் இழப்பு ஆண்டு முழுக்கப் பரவுவதில்லை, ஒரே வாரத்தில், ஒரே நதியில், பல உலைகளில் சேர்ந்து விழும். இங்கே மின்சார உச்சத் தேவை குளிர்காலத்தில், அதனால் தாங்குகிறார்கள். நம் நாட்டில் உச்சத் தேவையே கோடையில். ஹரியானாவின் கோரக்பூரில் பக்ரா கால்வாய் நீரை நம்பி 700 மெகாவாட் உலைகள் நான்கு எழுகின்றன. அங்கே இந்தக் கணக்கை மே மாத நீரோட்டத்தை வைத்துத்தான் போட வேண்டும், ஆண்டுச் சராசரியை வைத்து அல்ல.

பிரான்ஸ் கட்டத் திட்டமிட்டுள்ள ஆறு புதிய உலைகளில் நான்கு கடலோரத்தில், பென்லியிலும் கிராவ்லீனிலும். மீதி இரண்டு பூஜேயில், டவர்களோடு. ஞாயிறன்று ரொட்டிக்கடை பூட்டியிருந்த அந்த ஊர்ப் பக்கம், 2 கன மீட்டர் எடுத்து 0.6-ஐ ஆவியாக்கும் கணக்கு, உலை பெரிதாவதால் இரண்டு மடங்கை நெருங்கும். ரோனின் கோடை நீரோட்டம் கடல் முகப்பில் அறுபது ஆண்டில் சுமார் 13 சதவீதம் குறைந்திருக்கிறது. புதிய உலைகளுக்கு ஆயுள் அறுபது ஆண்டு.